மலிவு விலை டாமஹாக் வாங்கலாமா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ் பக்கம் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அடிக்கடி கூடாரம் போடப் போவோம். டைலர், கேடோ ஏரி, டேவி குரோக்கெட் தேசியக் காடு என்று கிழக்கு டெக்சஸ் பக்கம்தான் அதிகம். என் பையில் எப்போதும் ஒரு டாமஹாக், அதாவது ஒருவகைக் கைக்கோடாலி, இருக்கும். அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும், வாங்கிய பிறகு போன் போட்டுக் கேட்ட சந்தேகங்களும் நாலு வருடத்தில் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் டெக்சஸை மனதில் வைத்து எழுதியவை.

"அண்ணா, இது சின்னக் கோடாலிதானே? எதுக்கு தனியா ஒரு பேரு?"

கோடாலிக் குடும்பம்தான். ஆனால் பிறப்பு வேறு. 'டாமஹாக்' என்ற சொல் வர்ஜீனியா பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. 1600களின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர் அதைக் கேட்டு எழுதி வைத்தார்கள். முதலில் கல் தலை. ஐரோப்பியர் வணிகத்துக்கு இரும்புத் தலை கொண்டுவந்த பிறகு இன்று நாம் பார்க்கும் உருவம் வந்தது. பின்பக்கம் புகைக்குழாய் வைத்த டாமஹாக்குகள் 18ஆம் நூற்றாண்டில் உடன்படிக்கைப் பரிசாகவே கைமாறியிருக்கின்றன. இது அந்த மக்களின் பொருள் என்பது வாங்குகிற நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால் வித்தியாசம் எடையிலும் தலையின் தடிமனிலும் இருக்கிறது. விறகுக் கோடாலியின் தலை ஆப்பு மாதிரி பின்னால் போகப் போகத் தடிக்கும். டாமஹாக்கின் தலை மெல்லியது, வாய் (வெட்டும் விளிம்பு) சிறியது, காம்பு பெரும்பாலும் நேராக இருக்கும். இடுப்பில் மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடக்க வசதி. ஆனால் விறகைப் பிளக்கும்போது அந்த மெல்லிய தலை கைவிட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

"டாக்டிக்கல்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

பட்டாளத்துக்காரர் பயன்பாட்டை மனதில் வைத்துச் செய்தது என்று பொருள். இதற்கு ஒரு மூலம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர் பீட்டர் லகானா. மோஹாக் பழங்குடி வம்சாவளி. 1966இல் அமெரிக்கன் டாமஹாக் கம்பெனி என்று தொடங்கி, வியட்நாமுக்குப் போகும் வீரர்களுக்கு ஒரு டாமஹாக் செய்து விற்றார். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் கூர்முள். ஏறத்தாழ 4,000 விற்றன. 1970இல் கம்பெனி மூடப்பட்டது. இன்று கடையில் கறுப்பு நிறத்தில் தொங்குகிற அத்தனைக்கும் அதுதான் மூத்த அண்ணன்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு எந்தத் தர நிர்ணயமும் இல்லை. கறுப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் நாலு ஓட்டை போட்டு, யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை ஒட்டலாம். அட்டையில் உள்ள சொல்லை விட்டுவிட்டு இரும்பையும் பிடியையும் பாருங்கள்.

"எவ்வளவு செலவு பண்ணலாம்? மலிவுன்னா எவ்வளவு?"

நான் மலிவு என்று சொல்வது 30 முதல் 60 டாலர் வரை. அதற்குக் கீழே 15, 20 டாலருக்கு வருபவற்றைச் சுவரில் மாட்டலாம், மரத்தில் அடிக்க வேண்டாம். மேலே போனால் டென்னசியில் ஆர்.எம்.ஜே. டாக்டிக்கல் மாதிரி ஆட்கள் ஒரே இரும்பில் செய்கிறார்கள். அது பல நூறு டாலர். வாரக் கடைசியில் கூடாரம் போடுகிறவருக்கு அது தேவையே இல்லை.

"கடையில நாலஞ்சு விதம் இருக்கு. எதைப் பார்த்து வாங்கறது?"

மலிவு ரகத்தில் மூன்று வகைதான். முதல் வகை, நைலான் பிடியில் இரும்புத் தலையைப் போல்ட் போட்டு இறுக்கியது. எஸ்.ஓ.ஜி. கம்பெனியின் ஃபாஸ்ட்ஹாக் இந்த வகை. 12.5 அங்குல நீளம், 19 அவுன்ஸ் எடை, 420 ஸ்டெயின்லெஸ் தலை, கண்ணாடி இழை கலந்த நைலான் பிடி. பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அதன் அண்ணன் கிட்டத்தட்ட 16 அங்குலம்.

இரண்டாவது வகை, பழைய பாணி: அடித்துச் செய்த கார்பன் எஃகுத் தலை, ஹிக்கரி மரக்காம்பு. கோல்டு ஸ்டீல் கம்பெனியின் டிரெயில் ஹாக் நல்ல உதாரணம். 1055 கார்பன் எஃகு, பின்பக்கம் சுத்தி முகம். இதைப் பார்க்க 'டாக்டிக்கல்' மாதிரியே இருக்காது. ஆனால் காசுக்கு வேலை செய்வது இதுதான் என்பது என் அனுபவம்.

மூன்றாவது வகை, தலையும் பிடியும் ஒரே தடித்த தகட்டிலிருந்து வெட்டியது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டையோ கயிறோ சுற்றியிருப்பார்கள். தலை கழன்று பறக்காது, அது உண்மையான நன்மை. குறை என்னவென்றால், ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் வந்து அதிரும். பத்து நிமிடத்தில் கை மரத்துப்போகும். அதோடு தகடு முழுக்க ஒரே தடிமன் என்பதால் வெட்டிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

முதல் தடவை வாங்குகிறவர் எதை வாங்கலாம் என்று கேட்டால் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். காரணம் எளிது. உடைந்தால் உங்களாலேயே சரிசெய்ய முடியும்.

"ஸ்டெயின்லெஸ் நல்லதா, கார்பன் எஃகு நல்லதா? ஸ்டெயின்லெஸ்னா துரு பிடிக்காதே!"

துரு குறைவாகப் பிடிக்கும், பிடிக்கவே பிடிக்காது என்பதில்லை. 420 மாதிரியான மலிவு ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் அரத்தால் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். வாயில் துண்டு பெயர்வது குறைவு. கார்பன் எஃகு அடியைத் தாங்கும், கூர் நிற்கும். ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டுவிட்டு ஒரு வாரம் மறந்தால் செம்மண் பூசிய மாதிரி ஆகிவிடும். ஊரில் அரிவாளுக்கு எண்ணெய் தடவி எரவாணத்தில் செருகி வைத்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கார்பன் எஃகு ஒரு சிரமமே இல்லை.

"பின்னாடி முள் இருக்கறது வாங்கவா, சுத்தி இருக்கறது வாங்கவா?"

சுத்தி. யோசிக்கவே வேண்டாம்.

கூடாரத்து முளை அடிக்க, பிளந்து நிற்கிற கட்டையைத் தட்ட, கொட்டை உடைக்க என்று ஒரு நாளில் இருபது தடவை சுத்தி முகம் தேவைப்படும். முள் எதற்கு? பூட்டை நெம்ப, கதவை உடைக்க, தகட்டைக் கிழிக்க. அது படைவீரருக்கும் தீயணைப்பு வீரருக்கும் உள்ள வேலை. நமக்கு அந்த முள் செய்வது ஒன்றுதான்: ஓங்கும்போது நம் நெற்றியையும் தோளையும் பார்த்து நிற்கும். கட்டையில் சிக்கிய தலையை இழுக்கும்போது சட்டென்று விடுபட்டால் முள் எந்தப் பக்கம் வரும் என்று ஒரு தடவை கையில் பிடித்து யோசித்துப் பாருங்கள்.

"வந்த பார்சலைப் பிரிச்சேன். கூரே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. இந்த விலையில் எல்லாமே அப்படித்தான் வரும். தொழிற்சாலையில் வாயைத் தோராயமாகத் தேய்த்து, அதன்மேல் பெயின்ட்டும் அடித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருக்காது. முதல் நாள் ஒரு மணி நேரம் அதனோடு உட்கார வேண்டியிருக்கும்.

தலையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வாயின் சரிவில் கறுப்பு மார்க்கரால் தீட்டுங்கள். பத்து அங்குலத் தட்டை அரத்தை எடுத்துப் பிடிக்கு வெளியே தள்ளும் திசையில் மட்டும் தேயுங்கள். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது தேய்த்தால் அரத்தின் பல்தான் போகும். மார்க்கர் மை எங்கே அழிகிறது என்று பாருங்கள். விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்தால் கோணம் படுத்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் நிமிர்த்துங்கள். ஒரு பக்கத்துக்கு 25 பாகை போதும். அதற்குமேல் மெலிந்தால் முடிச்சில் பட்டதும் வாய் மடியும்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் விரலால் மெல்லத் தடவினால் கம்பி மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். விளிம்போடு தடவாதீர்கள், விளிம்பை விட்டு வெளியே தடவுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தப் பிசிறு வந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் வட்டச் சாணைக்கல்லால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். லான்ஸ்கியின் வட்டக்கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. பத்துப் பன்னிரண்டு டாலர்தான். அதையும் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

"கிரைண்டர்ல வெச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே?"

முடியும், இரும்பின் பதமும் சேர்ந்து முடியும். வேகமாகச் சுற்றுகிற கல்லில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பில் நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அந்த நீலப் பகுதி முழுதும் தேய்ந்து போகும் வரை அரம் போட வேண்டியதுதான்.

"மரக்காம்பு வாங்கினேன். தலை லொடலொடன்னு ஆடுது. ஆப்பு அடிக்கணுமா?"

வேண்டாம். சாதாரணக் கோடாலிக்குக் காம்பைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடிப்பார்கள். டாமஹாக் அப்படியில்லை. நம் ஊர் பிக்காசு நினைவிருக்கிறதா? காம்பு மேலே தடித்து, கீழே மெலிந்திருக்கும். மேலிருந்து நுழைத்து இறக்கினால் தலை தடித்த பக்கத்தில் போய் இறுகிவிடும். ஓங்க ஓங்க இன்னும் இறுகும். டாமஹாக்கும் இதே முறைதான்.

டிரெயில் ஹாக்கில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றுங்கள். தலையைக் கீழே தட்டி எடுத்துவிட்டு, துளைக்கு உள்பக்கம் பெயின்ட் திரண்டிருந்தால் வட்ட அரத்தால் சுரண்டுங்கள். காம்பின் மேல்பகுதியில் எங்கே பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த மேடுகள்தான் சரியாக உட்கார விடாமல் தடுப்பவை. உப்புத்தாளால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி நுழைத்து, காம்பின் தலைப்பக்கம் மேலே பார்க்கும்படி பிடித்து, அந்தத் தடித்த மேல்முனையில் மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தானாக ஏறி உட்காரும். நாலைந்து தடவை செய்தால் கல் மாதிரி நிற்கும். திருகை மறுபடி போட வேண்டியதில்லை, அது காம்பை விரிசல் விட வைக்கும்.

"நைலான் பிடிக்கும் அதே மாதிரி ஏதாவது பண்ணணுமா?"

போல்ட்டைப் பாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும். டேவி குரோக்கெட் காட்டில் ஒரு மாலை நான் இதில் கோட்டை விட்டேன். அப்போது என்னிடம் இருந்தது போல்ட் போட்ட ஒரு மலிவு ரகம். விழுந்து கிடந்த பைன் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தேன். அடியின் சத்தம் மாறியது. 'டொக்' என்பது 'டொளக்' என்று கேட்டது. இன்னும் நாலு அடியில் முடிந்துவிடும் என்று விடாமல் அடித்தேன். மூன்றாவது அடியில் ஒரு போல்ட் எங்கோ தெறித்து, தலை பக்கவாட்டில் திரும்பி என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் இறங்கியது. பக்கத்தில் அப்போது குழந்தைகள் யாரும் இல்லை. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

அதனால் வாங்கியதும் போல்ட்டுகளைக் கழற்றி, மரையில் நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், அது அப்புறம் சூடுகாட்டாமல் கழலாது. சத்தம் மாறினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

"இதை வெச்சு விறகு பிளக்க முடியுமா முடியாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

சுள்ளி முடியும், விறகு முடியாது. முதல் கேள்வியில் சொன்ன மெல்லிய தலைதான் காரணம். பெரிய ஓக் கட்டையில் ஓங்கி அடித்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், பிளக்காது.

ஆனால் கடையில் வாங்குகிற பிளந்த விறகுக் கட்டை இருக்கிறதே, மணிக்கட்டுப் பருமன், அதை விரல் பருமனாக ஆக்குவதற்கு அருமையான கருவி. முறை இதுதான்: ஓங்க வேண்டாம். வாயைக் கட்டையின் முனையில் இழை ஓடும் திசையில் பதித்துவையுங்கள். கட்டையையும் டாமஹாக்கையும் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, கீழே உள்ள அடிக்கட்டையில் தட்டுங்கள். வாய் உள்ளே இறங்கியதும் கட்டையைப் பிடித்த கையை எடுத்துவிடுங்கள். காம்பை மட்டும் பிடித்து இன்னும் இரண்டு தட்டு. விரிசல் விட்டதும் காம்பை லேசாகத் திருகினால் 'சடக்' என்று இரண்டாகும். பைன் கட்டையாக இருந்தால் அந்தப் பிளவிலிருந்து பிசின் வாசனை குப்பென்று வரும். இந்த முறையில் விரல் போக வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் கூட்டத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்.

"காட்டுல கிடக்கற மரத்தை வெட்டி எரிக்கலாமா? யாராவது பிடிப்பாங்களா?"

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் கீழே கிடக்கிற சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. பூங்கா வாசலில் விற்கிற விறகைத்தான் வாங்க வேண்டும். தேசியக் காடுகளில் செத்து விழுந்து கிடப்பதைத் தீ மூட்ட எடுத்துக்கொள்ளலாம். நிற்கிற மரத்தில், அது பட்டுப்போயிருந்தாலும், கை வைக்காதீர்கள். தேசியப் பூங்காக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி, போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். தீ மூட்டத் தடை போட்டிருக்கிறார்களா என்று அந்தக் கவுன்டியின் அறிவிப்பையும் பாருங்கள்.

விறகை வீட்டிலிருந்து தூரத்துக்கு எடுத்துப்போகவும் வேண்டாம். டெட்ராய்ட் பக்கத்தில் 2002இல் கண்டுபிடித்த ஒரு பச்சை வண்டு, விறகோடு விறகாக ஊர் ஊராகப் போய்க் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் வெளியிலிருந்து கொண்டுவருகிற விறகு வெப்பமூட்டிச் சான்று பெற்றதாக இருந்தால்தான் உள்ளே விடுகிறார்கள்.

"வீட்டுத் தோட்டத்துல ஓக் மரக் கிளை கழிக்க உபயோகப்படுத்தலாமா?"

சின்னக் கிளைக்குச் சரி. ஆனால் எப்போது என்பது முக்கியம். டெக்சஸில் ஓக் வில்ட் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. பச்சை வெட்டுக்காயத்தின் சாற்றைத் தேடி வருகிற சின்ன வண்டுகள் அதைக் கொண்டுவரும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தில் வெட்டவே கூடாது. மற்ற மாதங்களில் வெட்டினாலும் வெட்டிய கையோடு காயத்துக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஒரு மரம் போனால் வேர் வழியாகத் தெருவே போகும். உண்மையில் இந்த வேலைக்கு ஒரு மடக்கு ரம்பம் இன்னும் சுத்தமாக வெட்டும்.

"எப்படி நின்னு வெட்டறது? காலில பட்டுடும்னு பயமா இருக்கு."

பயம் நியாயமானது. குட்டைக் காம்பு உள்ள எந்தக் கோடாலியும் குறி தவறினால் வளைந்து முழங்காலுக்குக் கீழேதான் வரும். அதனால் நிற்காதீர்கள். முழங்காலிட்டு உட்காருங்கள். தவறினாலும் வாய் மண்ணில்தான் இறங்கும். கிளையைத் தரையில் வைத்து வெட்டாமல், கீழே ஒரு தடித்த கட்டை கொடுத்து வெட்டுங்கள். மண்ணில் ஒரு கல் போதும், ஒரு மணி நேரம் தீட்டியது வீணாக.

நேராக வெட்டாமல் சாய்வாக வலமும் இடமும் மாற்றி வெட்டினால் சிராய் தானாகத் தெறித்து, 'வி' மாதிரி வெட்டுவாய் திறக்கும். கையில் டாமஹாக்கைப் பிடித்து நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள்ளும் தலைக்கு மேலும் ஆளோ கொடியோ கிளையோ இருக்கக் கூடாது. மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வந்தால் எங்கள் கூட்டத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒருவர் பிடிக்க இன்னொருவர் வெட்டுவது கூடவே கூடாது.

"எறிஞ்சு விளையாடலாமா? படத்துல எல்லாம் சுழன்று போய்க் குத்துதே."

மரக்காம்பு டாமஹாக்கை எறியலாம், அது எறிவதற்கென்றே நல்ல கருவி. நைலான் பிடியை எறியாதீர்கள், குறி தவறி பிடி பட்டால் முறிந்துவிடும். மரக்காம்பும் முறியும்தான், ஆனால் புதிய ஹிக்கரிக் காம்பு கடையில் கிடைக்கும், மேலே சொன்ன மாதிரி நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.

பலகை மென்மையான மரமாக இருக்கட்டும்: காட்டன்வுட், பாப்லர், பைன். தோராயமாகப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றால் ஒரே ஒரு சுற்றில் போய்க் குத்தும். உலகக் கோடாலி எறிதல் லீக் வைத்திருப்பதும் ஏறக்குறைய இந்தத் தூரம்தான். பலத்தைக் காட்ட வேண்டாம், மணிக்கட்டைத் திருப்ப வேண்டாம், கையை நேராக நீட்டி விட்டுவிடுங்கள். காம்பின் அடி முதலில் பலகையில் பட்டால் சுற்று முடியவில்லை, அரையடி பின்னே போங்கள். தலையின் மேல்நுனி பட்டால் சுற்று மிஞ்சிவிட்டது, அரையடி முன்னே வாருங்கள். இரண்டு மூன்று மாலையில் பிடிபட்டுவிடும். எறிகிறவருக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, பார்க்கிறவர்கள் நன்றாகப் பின்னால் நிற்கட்டும். பலகையில் பட்டுத் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"தேங்காய் எண்ணெய் தடவி வெச்சா துரு பிடிக்காதா?"

அவசரத்துக்கு ஒரு வாரம் தாங்கும். ஆனால் குளிர்காலத்தில் உறைந்து, நாள்பட்டால் காறல் வாடை வரும். நல்லெண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தூசி சேரும். மருந்துக்கடையில் கிடைக்கிற மினரல் ஆயில் மலிவு, கெடாது, அதே வாயால் ஆப்பிள் வெட்டினாலும் பயமில்லை. உறையிலிருந்து எடுத்தே வையுங்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

மரக்காம்புக்கு லின்சீட் எண்ணெய். மெல்லியதாகத் தடவி, அரைமணி கழித்துத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

"இடுப்புல மாட்டிட்டு ஊருக்குள்ள போகலாமா?"

காட்டுக்குள் சரி, ஊருக்குள் ஏன்? டெக்சஸ் குற்றவியல் சட்டத்தில் 'தடி' என்ற ஆயுத வகைக்கு விளக்கம் சொல்கிற இடத்தில் டாமஹாக் என்ற பெயரே இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 வரை அதைப் பொது இடத்தில் வைத்துக்கொண்டு நடப்பது குற்றம். அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி, விமான நிலையச் சோதனைக்கு உட்பட்ட பகுதி போன்ற இடங்களில் இன்றும் கூடாது. குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே கூடாரம் போடக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைத் தேடிப் படியுங்கள்.

"வீட்டுல திருடன் வந்தா பாதுகாப்புக்கு ஆகுமே?"

இதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அதற்காக வாங்காதீர்கள். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத நேரத்தில் கையில் கூரான இரும்பு இருப்பது உங்களுக்கே ஆபத்து. நல்ல கதவுப்பூட்டும் விளக்கும் போனும் போதும்.

"கார் ஆக்சிடென்ட்டானா கண்ணாடி உடைக்க டிக்கியில வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்."

டிக்கியில் இருப்பது உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு எப்படி உதவும்? சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மோதலில் அதுவே பறக்கும். கண்ணாடி உடைக்க என்றே கட்டைவிரல் அளவில் ஸ்பிரிங் கருவி கிடைக்கிறது, அதைச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள். அப்புறம், உங்கள் காரின் பக்கக் கண்ணாடி மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். லேமினேட்டட் என்றிருந்தால் அந்தக் கருவியாலும் அதை உடைக்க முடியாது. வேறு எந்தக் கண்ணாடி 'டெம்பர்டு' என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"லீவுக்கு ஊருக்குப் போறேன். மாமாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போகலாமா?"

அமெரிக்க விமானங்களில் கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில் உறை போட்டுச் சுற்றி வைத்தால் அனுமதி உண்டு. சிக்கல் அந்தப் பக்கம்தான். இந்திய ஆயுத விதிகள் 2016இன் அட்டவணையில் போர்க்கோடாலி பெயர் சொல்லியே இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி வகைகளும் அதில் அடக்கம். வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கென்று செய்தவைக்குத்தான் விலக்கு. 'டாக்டிக்கல்' என்று தலையிலேயே எழுதியிருப்பதை விவசாயக் கருவி என்று சுங்க அதிகாரியிடம் விளக்க முடியுமா? வேண்டாம். மாமாவுக்கு நல்ல டார்ச் வாங்கிக் கொடுங்கள். வெட்டுகிற வேலைக்கு அவரிடம் இருக்கிற அரிவாள் இதைவிட நன்றாகவே வெட்டும்.

"இவ்வளவு குறை சொல்றீங்களே, பேசாம சின்னக் கோடாலியே வாங்கிடலாமா?"

விறகுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், ஆமாம். எஸ்ட்விங் என்று இல்லினாயில் ராக்ஃபோர்டு ஊரில் 1923 முதல் நடக்கிற கம்பெனி ஒன்று, தலையும் காம்பும் ஒரே இரும்பாக அடித்துச் செய்கிற சின்னக் கோடாலி விற்கிறது. ஏறக்குறைய இதே விலை. காரில் போய் இறங்கிக் கூடாரம் போடுகிறவருக்கு அதுதான் சரி, என் மனைவி எடுப்பதும் அதைத்தான். நான் டாமஹாக் வைத்திருப்பது நடந்து போகிற நாட்களுக்காக. முதுகில் எல்லாவற்றையும் சுமக்கும்போது ஒவ்வொரு அவுன்ஸும் தெரியும். முளை அடிக்க, சுள்ளி பிளக்க, வழியில் சாய்ந்த கிளையை நீக்க, ஒரே பொருள் போதும்.

"பையனுக்குப் பத்து வயசு. கேட்டு அழறான். கொடுக்கலாமா?"

சொந்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், கூட உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். சாரணர் இயக்கத்தில் கத்தி, கோடாலி, ரம்பம் மூன்றையும் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு டோட்டின் சிப் என்று ஒரு அட்டை கொடுப்பார்கள். விதி மீறினால் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஓங்கி வெட்டுவது பிறகு, முதலில் மேலே சொன்ன சேர்த்துத் தட்டும் முறையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். கைமாற்றும்போது உறை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் 'பிடிச்சாச்சு' என்று சொன்ன பிறகுதான் விட வேண்டும்.

"கராஜ் சேல்ல எட்டு டாலருக்குப் பழசு ஒண்ணு பார்த்தேன். துரு ஏறி, தலை ஆடுது. வாங்கலாமா?"

தலை ஆடுவதும் துருவும் பிரச்சினையே இல்லை. மரக்காம்பு ரகமாக இருந்தால் தலையைத் தட்டிக் கழற்றி, துளையைச் சுற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது. விளிம்பில் நீலம் தெரிகிறதா என்றும் பாருங்கள், கிரைண்டர் பதிலில் சொன்ன காரணம்தான். இரண்டும் இல்லையென்றால் எட்டு டாலர் கொடுத்து வாங்குங்கள். தலையை மட்டும் ஒரு இரவு வினிகரில் ஊறப்போட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். உலராமல் விட்டால் மத்தியானத்துக்குள் மறுபடி மஞ்சள் பூக்கும். காம்பில் விரிசலோ உளுப்போ இருந்தால் புதுக் காம்பு போட்டுவிடுங்கள். என்னிடம் இப்போது இருப்பதே அப்படி வாங்கியதுதான்.